ஐயாதுரை என்றொரு சிறுகோள்

"இப்ப சரியா சஞ்சீவி மலைக்குப் பின்னால நிக்கான் பய" என்று ஐயாதுரை கையை நீட்டுகிறார். காலை ஒன்பது மணி. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் நாலு பேர் கிளாசும் கையுமாக அண்ணாந்து பார்க்கிறார்கள். மலை தெரிகிறது, ஒரு காக்காய் தெரிகிறது. இருட்டினாலும் வெறுங்கண்ணுக்கு அது தெரியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவர் கையை நீட்டினால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

'பய' என்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் ஒரு சிறுகோள். அதற்கும் ஐயாதுரை என்றே பெயர். 1991இலிருந்து உலக வானியல் பட்டியலில் நம்பரோடு இருக்கிறது.

"எம்புட்டுப் பெருசுன்னு கேக்கியளா? இங்க பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருல எறங்குனா முடிஞ்சுபோச்சு. அம்புட்டுத்தான்." சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு நாலேகால் வருஷம். அந்தக் கணக்கில்தான் தன் வயதையும் சொல்கிறார். ஆளுக்கு அறுபத்தெட்டு. கேட்டால், "பதினாறுதான் ஆவுது" என்பார். அதற்குத் தோதாக மீசைக்குச் சாயம் வேறு.

ஐயாதுரை விஞ்ஞானி அல்ல. மலைமேல் ஒரு வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். கூரையைத் திறந்து மூடுவார். தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் காயவைப்பார். 1983இல் ஒரு தகட்டில், நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு. தன் நகம்தான் பட்டுவிட்டது என்று இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இளம் விஞ்ஞானியிடம் போய், "ஐயா, கீறிப்புட்டேன். வேலைய விட்டுத் தூக்கிராதிய" என்று நின்றார். விஞ்ஞானி லென்ஸை வைத்துப் பார்த்தார். கீறல் இல்லை, ஏதோ ஒன்று நகர்ந்து போன தடம். அதன் பாதையை உறுதிசெய்ய எட்டு வருஷம் ஆனது. பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அந்த நல்ல மனுஷன், குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரின் பெயரையே வைத்துவிட்டார்.

ஊரே அந்தப் பேரைச் சொல்கிறது. சொல்லாதவர் ஒருவர்தான், ஐயாதுரையின் மனைவி செல்லக்கனி. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவார். சிறுகோளுக்கும் "அவிய கல்லு" என்றுதான் பேர்.

"எம் பேரு வேண்டாம்ட்டி, கல்லு பேரச் சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான? போங்க அங்கிட்டு."

"அவ வாயால ஒரு தடவ கேட்டுரணும் தம்பி. இருக்கும்போதே கேட்டுரணும்" என்று பேட்டிக்குப் போன என்னிடம் தனியாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதனால் அவர் வீட்டில் காபி குடித்தபோது துணிந்து கேட்டுவிட்டேன்: "பத்திரிகைல போடணும்மா. அந்தச் சிறுகோளுக்கு என்ன பேரு?"

ஐயாதுரை சட்டென்று எழுந்து குடத்தைத் தூக்கினார். "செத்த நேரம் பேசிக்கிட்டிருங்க. குழாயில தண்ணி புடிச்சிட்டு வாரேன்."

செல்லக்கனி வாசலை எட்டிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, கல்லத்தான் சொல்லுதேன், ஆளச் சொல்லல" என்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஐயாதுரை" என்றார்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். வெளியே, காலிக் குடத்தைக் கட்டிப் பிடித்தபடி ஐயாதுரை நின்றார். கண் கலங்கியிருந்தது. இன்னொரு தடவை கேளுங்கள் என்று எனக்கு ஒற்றை விரலைக் காட்டினார்.