துரைசாணி கொடுத்த தாள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். ஹட்டனில் போர்டிங்கில் தங்கிப் படித்தபோது, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனையும் கற்றுக்கொண்டேன். தோட்டத்துப் பள்ளியில் டீச்சராக வந்த வருடமே தேவாலயத்து ஆர்கனும் பாடகர் குழுவும் என் கைக்கு வந்தன. குழுவில் பத்துப் பேர். கொழுந்து பறிப்பவர்கள், ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள். வரிசையின் கடைசியில் நின்று கீழ்க்குரலில் பாடுபவர் என் அப்பா. ஒத்திகையில் அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கிறிஸ்மஸுக்கு, துரைமார் வரும் ஆங்கில ஆராதனையில் முதல்முறையாக எங்களையும் பாடச் சொன்னார்கள். முதல் சரணம் எங்கள் தோட்டத் துரையின் மனைவியான துரைசாணி தனியாக, மற்றவை நாங்கள். இரண்டு மாதம் முன்பே அவர் ஓர் இசைத்தாளைக் கொடுத்தார். ஐந்து கோடுகளில் புள்ளி வைத்து எழுதியது. வாசிக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்தது டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதியது மட்டும். ஆனாலும் தெரியும் என்றேன். லயத்துப் பெண்ணுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. தாளிலிருந்த வார்த்தைகளை போர்டிங்கில் பாடியிருக்கிறேன். ராகமும் அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துக் குழுவைப் பழக்கினேன்.

ராகம் வேறு. ஆராதனையன்று நான் ஆர்கனில் தொடங்கியதுமே துரைசாணி திரும்பிப் பார்த்தார். பிறகு தாளில் உள்ளபடி தன் ராகத்தில் பாடினார். என் கை நின்றுவிட்டது. அவர் முடித்ததும், நான் சொல்லிக்கொடுத்த ராகத்தில், ஆர்கன் இல்லாமலே, பத்துப் பேரும் சத்தமாகப் பாடினார்கள். முன் பெஞ்சுகளில் சிரித்தார்கள்.

பிறகு துரைசாணி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். "இவர்கள் தவறாகப் பாடிவிட்டார்கள். படிக்காதவர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தை தேவையே இல்லை, நானாகச் சேர்த்தேன். ஆங்கிலம் தெரியாத அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

"என்ன சொல்றாங்க டீச்சர்?"

"நல்லா இருந்துச்சாம்."

அடுத்த கிறிஸ்மஸுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. ஒத்திகைக்கு வந்த அப்பா ஆர்கன் அருகில் நின்றார்.

"நாங்க தப்பாப் பாடிட்டோம்னு துரைசாணிகிட்ட சொன்னீங்களாமே. பங்களாவுல கேட்டுட்டு வந்து கணக்கப்பிள்ளை இப்பத்தான் சொன்னாரு. எங்ககிட்டயே சொல்லியிருக்கலாம்ல, திருத்திக்கிட்டிருப்போம்."

"ஒங்க தொண்டையக் கேட்டுத்தான் அவங்க சிரிச்சிருப்பாங்க" என்றார் அப்பாவிடம், கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். "சரியா எப்படின்னு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. கத்துக்கிட்டா மறுபடி கூப்பிடுவாங்க."

தாளை விரித்து வைத்தேன். அப்போதும் அதை வாசிக்க எனக்குத் தெரியாது. விரல்களுக்குத் தெரிந்ததையே வாசித்தேன்.

இரண்டு வரி கேட்டார். "இதத்தானே பாடுனோம்."

"ஆமாப்பா" என்றேன்.

அப்பா அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்கு வந்தார். வரிசையில் நிற்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கீழ்க்குரல் இல்லாமல் பாட்டை நடத்தினேன். இன்றும் அப்படித்தான் நடத்துகிறேன்.