பெரியப்பாவின் படம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது பள்ளியில் ஓர் ஒப்படை தந்தார்கள்: விடுதலை பெற்ற ஏதாவதொரு நாட்டின் தலைவரைப் பற்றி எழுத வேண்டும். நான் ஓர் ஆப்பிரிக்கத் தலைவரைத் தேர்ந்தேன். எதையும் எண் போட்டு எழுதும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. ஒன்று, ரயில்வே எழுத்தர். இரண்டு, வேலைநிறுத்தம். மூன்று, சிறை. நான்கு, மறுபடியும் சிறை. ஐந்து, புதுக் கொடி, முதல் பிரதமர். ஆறு, கூட இருந்தவர்களே துரோகி என்றார்கள். ஏழு, அவர்களே சுட்டார்கள்.

நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரில், த்ரீ கிங்ஸ் பகுதி வீட்டில், சாப்பாட்டு மேசையில் நான் ஏழாவதுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்த சனி மதியம், அதே நகரின் ஒடாஹுஹுவிலிருந்து அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். ஊரில் நடந்த போரில் இறந்தவர்களின் நினைவுநாளுக்கு மண்டபச் சுவரில் மாட்டப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்பா தன் அண்ணனின் படத்தை பிரேம் போட்டு வைத்திருந்தார். வருபவருக்காகக் காத்திருக்கவே புக்கெகோஹியில் செய்த தோட்ட வேலைக்கு லீவு சொல்லியிருந்தார்.

"அண்ணை எப்பிடித் தவறினவர்?" என்று கேட்டார் வந்தவர்.

"பொம்பர் அடிச்சதில" என்றார் அப்பா.

"எங்கட ஊருக்கு அப்ப பொம்பர் வரேல்லையே, தம்பி."

அப்பா பிரேமின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அவரை ஒருவர் நம்பாததை என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா தொலைபேசியில் சித்தியிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அதில் வந்த 'போட்டது' குண்டைத்தான் என்று நினைத்தேன்; விமானந்தானே குண்டு போடும்.

"உண்மைதான் மாமா. பெரியப்பாவை மண்டையில போட்டவங்களாம். அம்மா சொன்னவ."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. இயக்கம் ஒருவரைத் துரோகி என்று முடிவுகட்டித் தலையில் சுடுவதற்கு ஊரில் வழங்கிய சொல் அது. அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வந்தவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "குறை நினையாதையும் தம்பி. இயக்கப் பிள்ளையளின்ர படமும் அதே சுவரிலதான் வருது." தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

அப்பா என்னை ஏசவில்லை. என் ஒப்படையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இந்த ஆளின்ர படம் எங்கயாவது மாட்டியிருக்கோ?"

"ஓம் அப்பா. எல்லா ஒபிஸிலயும். முத்திரையிலயும் இருக்கு."

"முத்திரை ஆர் அடிச்சது?"

"சுட்ட ஆக்கள்தான். பிறகு அவர் பெரிய வீரர் எண்டு சொன்னவையாம்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பகிடி பிடித்துவிட்டதென்று நினைத்து, முத்திரைக் கதையை நான் இன்னொரு தரமும் சொன்னேன்.