முப்பத்தேழாம் எண் வில்லை

என் தங்கையின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவிலேயே ஆட்டிக்கொண்டே இருந்ததில் கால் இரண்டும் கலங்கலாகத்தான் விழுந்திருக்கின்றன.

லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே விரலளவு இடுக்கு உண்டு. கைதவறுவதெல்லாம் அதன் வழியே அடிக்குழிக்குப் போய்ச் சேரும். மாதம் ஒருமுறை இறங்கிக் கூட்டுவார். சாவி, கம்மல் கிடைத்தால் காவலாளியிடம் கொடுத்துவிடுவார். சைக்கிள் நிறுத்துமிட வில்லை, கேன்டீன் டோக்கன், பிள்ளைகளின் பிளாஸ்டிக் காசு இவற்றை எவரும் தேடி வருவதில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேகரித்து வைப்பார். குழியில் விழுந்ததுதான் சேரும். வாங்கியதோ கேட்டுப் பெற்றதோ ஆகாது. அந்த விஷயத்தில் மனிதர் நெருப்பு.

எண் போட்டவற்றுக்காக ஐம்பது வட்டம் குடைந்த மரப்பலகை ஒன்று வைத்திருந்தார். முப்பத்தேழு மட்டும் பதினோரு வருஷமாகக் காலி. சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் அந்த வட்டத்தைத் தடவிவிட்டு வருவார்.

"அதுக்கும் ஒரு வாய் ஊட்டிட்டு வாங்க" என்பாள் தங்கை.

ஒரு காலையில் அவளுடைய வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாகத் திரை இறங்கியது. கண் மருத்துவர் இருப்பது மூன்றாம் மாடி. கீழே பித்தளை டோக்கன் வாங்கி, மேலே நர்ஸிடம் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தக் கட்டடத்து லிஃப்டும் இவர் பொறுப்புதான்.

கையில் வந்த எண் முப்பத்தேழு. முறை நெருங்கும்வரை கீழேயே காத்திருந்தார்கள்.

லிஃப்ட் வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றார். விரல்கள் விரிந்தன. கீழே எங்கோ 'டிங்' என்றது.

"என்னங்க விழுந்துச்சு?"

"டோக்கன்தான். வேற வாங்கிக்கலாம்."

மேலே நர்ஸ் கையை நீட்டினாள். "முப்பத்தஞ்சு உள்ள இருக்காங்க. உங்களுது?"

"விழுந்துருச்சும்மா."

"அப்ப புதுசு வாங்குங்க சார். கீழ தொண்ணூறு ஓடுது."

தங்கை அவர் சட்டையைப் பிடித்தாள். "காலையில ஓரத்துலதாங்க இருந்துச்சு. இப்ப உங்க மூஞ்சி பாதிதான் தெரியுது."

ஓடினார். லிஃப்ட் காலி என்று பார்த்து நிறுத்திவிட்டுக் குழியில் குதித்தார். முப்பத்தேழுக்குப் பக்கத்தில் கிரீடம் அச்சடித்த பொம்மைக் காசு ஒன்று கிடந்தது, அதைத் தொடவில்லை. எழுபத்திரண்டு படிகளை ஒன்பதே எட்டில் தாண்டினார் என்பாள் தங்கை. பொய் சொல்வானேன் என்று நான் பன்னிரண்டாக்கிச் சொல்கிறேன்.

"எவன்யா லிஃப்ட நிறுத்தினது?" என்றார் படியில் மூச்சு வாங்கிய பெரியவர்.

"நான்தாங்க, வழி விடுங்க."

நர்ஸ் முப்பத்தெட்டைக் கூப்பிட வாயெடுத்தபோது டோக்கன் அவள் மேசையில் விழுந்தது.

விழித்திரை கிழிந்திருந்தது. அன்றைக்கே அறுவை செய்தார்கள், கண் பிழைத்தது. கட்டோடு படுத்திருந்தவளிடம் அவர் ஒப்புக்கொண்டார்.

"நான்தான் வேணும்னே விட்டேன்."

"தெரியும். கை நழுவினா தரையில ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் உள்ள போகும். நீங்க குறி பாத்துப் போட்டீங்க. எனக்குக் கெட்டது கண்ணுதான், காது இல்ல."

பலகையில் அந்த வட்டம் இன்னும் காலிதான். மனிதரும் மாறவில்லை; சாப்பாட்டின் நடுவே இப்போதும் எழுந்துவிடுகிறார், தங்கையின் இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணுக்கு நேரே கையைக் காட்ட.

"எத்தனை விரல் சொல்லு."

"முப்பத்தேழு" என்கிறாள் அவள், மென்றுகொண்டே.