முன் சக்கரத்துக் கரி

மலேசியாவின் ஜொகூரில் மழை பெய்யாத வாரம் அபூர்வம். காரின் கூரை எப்போதும் கழுவிவிட்டதுபோல இருக்கும். முன் சக்கரங்கள் மட்டும் கறுத்துக் கிடக்கும். கல்யாணமாகி இங்கே தெப்ராவுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. கரூரில் அப்பாவின் வண்டியில் படிவது ரோட்டுப் புழுதி, அதுவும் எல்லாச் சக்கரத்திலும் பாரபட்சமில்லாமல். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போதுதான் சக்கரத்தையே பார்ப்போம். இங்கே கரி வெளியிலிருந்து வருவதில்லை, பிரேக் தேய்ந்து வருகிறது என்றார் என் கணவர் குமார். தினமும் விடியுமுன் கிளம்பி, சிங்கப்பூர்ப் பாலத்தில் ஊர்ந்து போய், ஊர்ந்தே திரும்புகிறவர். சக்கரத்தின் கறுப்பை வைத்தே அந்த வாரம் பாலம் அவரை எவ்வளவு படுத்தியது என்று சொல்லிவிடுவேன்.

முதல் மாதத்தில் ஒரு நாள், அவர் வேலையிலிருந்து வந்ததும் போய்ப் படுத்துவிட்டார். நல்ல பெண்டாட்டி என்று பெயர் வாங்கும் ஆசையில் நான் ஹோஸை இழுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரோஸ், கையை ஆட்டிக் கத்தினார்: "துங்கு! துங்கு!" அட, இவருக்குத் தமிழ் தெரிகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. "தூங்கிட்டாருங்க!" என்று பதில் சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்தேன். சக்கரம் சீறியது. மக்சிக் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுந்து வந்த குமார் விழுந்து விழுந்து சிரித்தார். "தூங்கு இல்ல, துங்கு. பொறுன்னு அர்த்தம். சூட்டோட தண்ணி அடிச்சா பிரேக் டிஸ்க் கோணிக்கும் லா!"

அதன் பிறகு ஞாயிறு காலைதான், சக்கரம் ஆறிக் கிடக்கும்போது. அதற்கென்று தனி வாளி, தனித் துணி; அதே துணியால் கதவைத் துடைத்தால் கோடு விழும். நட் குழிகளுக்குப் பழைய டூத்பிரஷ். வாரக் கணக்கில் விட்டால் கரி துருவேறிப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொள்ளும். நான் தேய்க்க, குமார் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பேசுவார். வாரத்தில் நாங்கள் நிதானமாகப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

அப்படி ஒரு ஞாயிறில் சொன்னார்: "இந்த ஜாம் முடியல. சிங்கப்பூர்ல ரூம் கிடைச்சிருக்கு. சனிக்கிழம வந்துடுவேன். ஒரு வருஷம் துங்கு பண்ணேன்."

இந்த முறை அந்தச் சொல் சரியாகவே புரிந்தது. பயமாக இருந்தது. அவர் மனைவி என்பதால் கிடைத்த விசாவில் இருக்கிறவள் நான். "நீங்க இல்லாம எனக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"நான் பஸ்ல போயிக்கிறேன். காடிய நீ ஓட்டு," என்றார். காருக்கு இங்கே காடி என்று பேர்.

அவர் சிங்கப்பூர் ரூமுக்குப் போனதும், லைசென்ஸ் எடுத்தும் ஓட்டாதிருந்தவள் ஓட்டினேன். மார்க்கெட், கோயில், விசா ஆபீஸ். மக்சிக்கை கிளினிக்குக்குக்கூடக் கூட்டிப்போனேன். தொட்டதற்கெல்லாம் பிரேக். மக்சிக் சீட்டைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று மலாயில் முனகினார்.

மூன்றாவது சனிக்கிழமை குமார் கேட்டுக்கு வெளியே நின்று மணியடித்தார். வீட்டுச் சாவியைச் சிங்கப்பூர் ரூமிலேயே வைத்துவிட்டாராம். மறுநாள் காலை சக்கரத்தைப் பார்த்தவர், "அலமாக், இவ்ளோ கரியா? யாரு இப்படி பிரேக் அடிச்சது?" என்று சிரித்தார். நான்தான் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவரும் துடைக்க வந்தார். எது சக்கரத்து வாளி என்று அவருக்குத் தெரியவில்லை, எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கச் சக்கரத்தில் அவர், இந்தப் பக்கத்தில் நான், நடுவே கார். முகம் தெரியவில்லை, தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பக் கிளம்புறீங்க?" என்று கேட்டேன்.

இந்த ஊரில் பிறந்தவர் அவர். விருந்தாளியிடம் கேட்பதுபோல நான்தான் கேட்டேன்.