இரவல் குரல்

மெல்பேர்னை அடுத்த வெரிபீயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், இளமையில் லண்டனில் படங்களில் நடித்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். அதைச் சொல்லத் தொடங்கினாலே, முன்னாள் டிராம் ஓட்டுநரான பக்கத்து அறைக் கிழவர் கண்ணடித்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண்மணிக்கு முழங்கால்தான் பழுது, மூளை அல்ல.

குளிப்பாட்டும்போது ஏதோ முணுமுணுப்பார். மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான், செபம் என்று நினைத்து முடிவில் "ஆமென்" சொல்லிவிடுவேன்.

ஒருநாள் தானாகவே சொன்னார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவு மில் ஊரில் பிறந்தாராம். மூக்கும் முழியும் பார்த்துச் சின்னச் சின்ன வேடங்கள் கொடுத்தார்கள். ஒரே ஒரு படத்தில் கதாநாயகி. ஆனால் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு அவருடைய ஊர்ப்பேச்சு பொருந்தாது என்று, வேறொருத்தியைப் பேசவைத்துவிட்டார்கள். அதோடு சினிமா முடிந்தது. பிறகு கலியாணம், கப்பல், மெல்பேர்ன். வெட்கத்தில் இதை யாருக்கும் சொன்னதில்லையாம்.

"இதுக்குப் போய் வெட்கமா? எங்கட படங்களில முக்கால்வாசி நடிகைகளுக்கு இரவல் குரல்தான்" என்றேன். நம்பாமல் பார்த்தார்.

போன குளிர்காலம் அந்தப் படம் இணையத்தில் அகப்பட்டது. மதியம், பொது அறைத் தொலைக்காட்சியில் போட்டோம். சாப்பாட்டைத் தொடாமல், என்னிடம் உதட்டுச்சாயம் பூசச் சொல்லி வந்து உட்கார்ந்தார். இன்றைக்காவது இவர்கள் நம்பவேண்டுமே என்று எனக்கும் படபடத்தது.

திரையில் அழகான பெண் வந்தாள். எல்லோரும் அவளையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்தாள்.

"இது உன் குரலே இல்லையே!" என்று கிழவர் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள்.

"என்னை அறைக்குக் கொண்டு போ" என்றார் அந்தப் பெண்மணி என்னிடம். உதட்டுச்சாயத்தைப் புறங்கையால் துடைத்தார்.

எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். "இப்ப நீங்களே பேசுங்கோ."

திரையில் அவள் வாசலில் நின்று காதலனை வழியனுப்பிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியிலிருந்து மில் ஊர்க் குரல் மெல்ல எழுந்தது. ஒவ்வொரு சொல்லும் திரையில் அசைந்த உதட்டோடு அப்படியே பொருந்தியது. நான் தினமும் ஆமென் சொன்ன அதே செபம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்சி முடிந்ததும் சத்தத்தைக் கூட்டப் போனேன். கிழவர் என் கையைப் பிடித்தார்.

"விடு. படம் இன்னும் இருக்கிறது. மிச்சத்தையும் இவளே பேசட்டும்."