பாட்டின் கடைசியில் சொல்லும் பெயர்கள்

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்க்கும் மாடிக்குக் கீழே ஒரு டயர் கடை இருக்கிறது. சில நாள் மதியத்தில் யாராவது மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைச் சாவியால் தட்டுவார்கள். உடனே கீழே காற்றடிக்கும் இயந்திரம் நிற்கும், நட்டுக் கழற்றும் சத்தம் நிற்கும், ரேடியோவும் நிற்கும். ஜாக்கியில் ஏறிய கார் ஒரு சக்கரம் இல்லாமல் அப்படியே நிற்க, அதன் சொந்தக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடியில் ஒருவர் ராப் பாடிப் பதிவு முடிந்ததும் மறுபடி கைப்பிடியைத் தட்டுவார்கள். கடை மறுபடி இரையத் தொடங்கும். முதன்முதலாக இதைப் பார்த்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வேடசந்தூரில் பக்கத்து வீட்டுக் கிரைண்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், தாத்தா காலத்துப் பகையெல்லாம் தூசு தட்டிக்கொண்டு வெளியே வரும்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுபா. சென்னையில் ஓர் ஆடியோ கம்பெனியில் பாட்டு உரிமைகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தேன். எந்தப் பாட்டை யார் எங்கே பயன்படுத்தலாம், அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. சென்னைக்குப் படிக்க வந்திருந்த இந்தக் கெடா மாநிலத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். இப்போது 'மூணாம் டிவிசன்' என்ற சின்ன ஹிப்ஹாப் ரெக்கார்டு கம்பெனியில் அதே வேலையைச் செய்கிறேன். கம்பெனி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். ஒரு கூடம், ஒரு பதிவறை, சுவரெல்லாம் முட்டை அட்டை, சுமாராக வேலை செய்யும் ஓர் ஏர்கான். என் அப்பா வேடசந்தூரில் கேட்பவர்களிடம், "பொண்ணு மலேசியாவுல பாட்டுக் கம்பெனில இருக்கா, என்ன பாட்டுன்னு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

இதைத் தொடங்கியவர் வேலு. செர்டாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மூன்றாம் டிவிசனில், அதாவது மூன்றாம் பிரிவில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் அப்பாவும் முதலில் ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டினார்கள், பிறகு எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறினார்கள், பிறகு குடும்பமே சுங்கைப் பட்டாணிக்கு வந்து ஒரு பிளாட்டில் குடியேறியது. அதே கட்டடத்தில் மேல்மாடியில் குணா இருந்தார், அவரும் செர்டாங் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். கோயில் திருவிழாக்களில் உறுமி வாசிப்பவர். வேலு எழுதிப் பாட, குணாவின் உறுமி பின்னால் உருள, படுக்கையறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். கோலாலம்பூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் டீ கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. சரி, நாமே கம்பெனி போட்டுவிடலாம் என்று தோட்டத்து டிவிசனின் பெயரையே வைத்துத் தொடங்கிவிட்டார்கள். முதல் சிடிக்களைத் தீபாவளிச் சந்தையில், முறுக்குக் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவே, குணாவின் காரின் பின்கதவைத் திறந்து வைத்து விற்றார்கள்.

உலகம் முழுக்க ராப் பாடுகிறவர்கள் பாட்டின் கடைசியில் நண்பர்கள் பெயரைக் கூப்பிட்டுச் சொல்வதுண்டு. இங்கே அந்தப் பழக்கம் தோட்டத்துத் திருவிழாவோடு கலந்துவிட்டது. வேலுவின் அப்பா மூன்றாம் டிவிசன் மாரியம்மன் கோயிலில் மைக் பிடிப்பவர். தேங்காய் கொடுத்தவர், பந்தலுக்குக் கம்பு வெட்டியவர், கரண்டு இழுத்தவர் என்று ஒரு பெயர் விடாமல் சொல்லுவாராம். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் அடுத்த வருஷம் திருவிழாவுக்கு வரமாட்டார்கள். ஆகவே மூணாம் டிவிசனின் ஒவ்வொரு பாட்டும் முடிந்த பிறகு தாளம் மட்டும் ஓடும். அதன் மேல் அந்தப் பாட்டுக்குக் கை கொடுத்த எல்லோர் பெயரையும் வேலு சொல்லுவார். இயந்திரத்தை நிறுத்துகிற டயர் கடைச் சீன முதலாளி, அதாவது தவுக்கே, இந்த மாடிக்கு வந்த பிறகு வெளியான எல்லாப் பாட்டிலும் இருக்கிறார்.

இதில் அவர்கள் செய்த பெரிய தவறு முதல் சிடியில்தான் நடந்தது. பாட்டு முழுக்க உறுமி வாசித்த குணாவின் பெயரையே வேலு சொல்லாமல் விட்டுவிட்டார். கூடவே இருக்கிற ஆள், தனியாகச் சொல்ல வேண்டுமென்று தோன்றவே இல்லை. தன் காரிலேயே சிடியைப் போட்டுக் கடைசிவரை கேட்ட குணா, பின்கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வேலு என்ன செய்தார் தெரியுமா? சந்தையில் நின்று வாங்கியவர்களைத் தேடித் தேடிச் சிடிக்களைத் திரும்ப வாங்கினார். பெயர் சொல்லும் பகுதியை மட்டும் மறுபடி பதிவு செய்து, தீபாவளி முடிந்து சந்தை காலியான பிறகு புதிய சிடியைக் கொண்டுபோய்க் குணாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். சென்னையில் இருந்தவரை இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு பாட்டைத் திரும்பப் பெற்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான் இங்கே வந்த புதிதில் எனக்குப் பெயரே இல்லை. என் கணவர் பெயரை வைத்து 'மகேன் பொண்டாட்டி' என்பார்கள், இல்லாவிட்டால் 'ஊர்க்கார அக்கா' என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே அதுதான் பட்டம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, ஆனாலும் உறுத்தும். மூணாம் டிவிசனில் சேர்ந்து நான் முதலில் வேலை செய்த பாட்டு தயாரானதும், தவுக்கேயிடம் போட்டுக்காட்டி எப்படி என்று கேட்டேன். "போலே லா," என்றார். 'லா' இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால்தான்; 'போலே'க்கு முடியும், நன்று என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு வீடுவரை பறந்து போனேன். கணவர் சிரித்துவிட்டு, ஏதோ பரவாயில்லை என்பதற்குத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்றார். என் சிறகுகள் அங்கேயே மடங்கின. ஆனால் அந்தப் பாட்டின் கடைசியில் வேலு, "சுபா அக்கா" என்று சொல்லியிருந்தார். இந்த நாட்டில் என் பெயரை யாரோ உரக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

போன வருஷம் ஷாமினியின் பாட்டு வந்தது. ஷாமினி ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். விடிவதற்குள் வந்து நிற்கும் கம்பெனிப் பஸ்ஸைப் பற்றி, அதில் தலைசாய்த்துத் தூங்குகிற பெண்களைப் பற்றி எழுதிப் பாடியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து என்னோடு முன்பு வேலை பார்த்த பிரகாஷ் கூப்பிட்டார். இப்போது ஒரு படக் கம்பெனியில் இருக்கிறார். படத்தில் கதாநாயகி வேலைக்குப் போகிற காட்சிக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்றார்.

"எல்லாம் ஓகே சுபா. கடைசியில பேரா சொல்லிட்டு வர்றாங்கல்ல, அதை மட்டும் வெட்டிக் குடுங்க. டைரக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பேரெல்லாம் யாருன்னு தெரியாது."

'நம்ம ஆளுங்க' என்று அவர் சொன்னது சுகமாக இருந்தது. ஷாமினியின் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்கும். எனக்கும் ஓர் ஆசை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேடசந்தூர் தியேட்டரில் என் அப்பா உட்கார்ந்து, இது என் மகள் வேலை செய்கிற கம்பெனிப் பாட்டு என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று வேலுவிடம் நாள்தோறும் வாதாடினேன். படத்துக்குத்தானே வெட்டுகிறோம், நம்முடைய பதிப்பு அப்படியே இருக்குமே என்றேன். பட உலகத்தில் ஓடுகிற பதிப்புதான் பாட்டாகிவிடும், மற்றது காணாமல் போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

"அது என் கையில இல்ல அக்கா," என்றார் வேலு. "யாரு பேர சொன்னோமோ அவங்கள கேக்கணும் லா."

ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டோம். தவுக்கே கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "பொத்தோங் லா. நாமா சாயா தாக் ஹிலாங் புன்," என்றார். வெட்டு, என் பேரு ஒன்றும் தொலைந்து போகாது என்கிறார்.

குணா உறுமியை மடியிலிருந்து கீழே வைத்தார். "எனக்கு ஒரு தடவ விட்டுப்போய், வீடு தேடி வந்து சேத்தாங்க. அது போதும் லா. புள்ள பாட்டு அங்க போகட்டும்."

எல்லோரும் ஷாமினியைப் பார்த்தார்கள். "எனக்கு ஆசதான், பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். "அக்காதான் அந்த ஊரு கம்பெனி பத்தி தெரிஞ்சவங்க. அக்கா சொல்லட்டும்."

வெட்டலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை நாளாய் வாதாடியவள் நான்தான். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிற தவுக்கேயையும், சம்மதம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிற குணாவையும் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். இவர்கள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறார்களே என்று தோன்றியது. பாத்திரம் கழுவிக்கொண்டே என் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

"எனக்கு வெட்ட மனசு வரல ஷாமினி," என்றேன். "இத்தன நாள் வேற மாதிரி பேசுனேன், தெரியும். ஆனா பாட்டு உன்னோடது. நீ வெட்டுன்னு சொன்னா இன்னைக்கே அனுப்பிடுவேன்."

அவள் என்னிடம் கேட்டாள்: "படத்துல என் பேரு எங்க வரும்?"

"எழுத்துல ஓடும். எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப."

"என்னா லா இது," என்று சிரித்தாள். "என் பேரும் அந்தப் பாட்டு கடைசியிலதான இருக்கு, வெட்டுனா அதுவும் போயிடும். வேணாங்கா. முழுசா எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்."

பிரகாஷ் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "நீங்க அங்க போய் ரொம்ப மாறிட்டீங்க," என்றார். படம் வேறு பாட்டோடு வந்தது. அது வேடசந்தூரில் ஓடிய வாரம் ஷாமினியிடம் முகம் கொடுத்துப் பேச எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள்தான் வேலை முடிந்து நேராக மாடிக்கு வந்து, அடுத்த பாட்டின் முதல் நாலு வரியைப் பாடிக்காட்டி என்னை நிமிர வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சமல்ல.

பஸ் பாட்டை முழுசாக அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தியேட்டரில் கேட்க வேண்டியதை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மறுநாள் ஸ்டுடியோவில் இருந்தபோது வீடியோவில் கூப்பிட்டார். வேலுவும் பக்கத்தில் இருந்தார்.

"உன் பேரு வருதும்மா. மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டாங்க கடையில. அந்தச் சீனாக்காரர் யாரு?"

டயர் கடையைப் பற்றியும் கைப்பிடியைத் தட்டுவதைப் பற்றியும் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டார். "பெரிய மனுசன்தான்," என்றார். பிறகு கண்டக்டர் புத்தி விடுமா, "எல்லாம் சரி. பேர மட்டும் சொன்னா எப்படி? எந்த ஊருன்னு சொல்லணும்ல," என்றார்.

அதை வேலு பிடித்துக்கொண்டார். ஷாமினியின் புதிய பாட்டுக்கு, இந்தத் தடவை நான் சொல்லப்போவதில்லை, அவரவர் பெயரையும் ஊரையும் அவரவரே வந்து சொல்லுங்கள் என்று முடிவு செய்தார். ஆளுக்கு ஒரு சுற்றுத் தாளம். அதற்குள் சொல்லி நகர்ந்துவிட வேண்டும். மைக் முன்னால் வரிசையாக நின்றோம். ஷாமினி சொன்னாள். குணா, "செர்டாங்" என்று தோட்டத்தையும் சேர்த்து அழுத்திச் சொன்னார். என் முறை வந்தது.

"சுபா, சுங்கைப் பட்டாணி," என்றேன். யோசிக்கவே இல்லை, அதுவாகவே வந்தது. மனசு நிறைந்துதான் இருந்தது. நகரப் போனவளுக்குக் கால் நகரவில்லை. என் சுற்று முடிந்து அடுத்த சுற்றுத் தாளம் விழுந்துவிட்டது, அது எனக்குப் பின்னால் நின்ற தவுக்கேயுடையது. நான் மைக்கை விடாமல், அவருடைய இடத்தில், "வேடசந்தூர்" என்றேன்.

பேசுவதற்காக முன்னே சாய்ந்திருந்த தவுக்கே வாயை மூடிக்கொண்டார். தலையை மெல்ல ஆட்டியபடி அந்தச் சுற்று முழுவதையும் எனக்கு விட்டுவிட்டு, அடுத்ததில் தன் பெயரைச் சொன்னார்.