பின் வராந்தாவில் கேட்ட குரல்

அறுபதுகளின் நடுவில், காலரா வந்த ஒரு கோடையில், செத்துப்போனவர்களின் குரல் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. அதிலிருந்து பெருமாள் என்னைக் கரையேற்றிய விதத்தைப் பக்தர்களான உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அப்போது நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் திருவள்ளூர். அப்பா கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் செய்தவர். கண்டவர்களையும் தொட்டுச் செய்கிற வேலை எதற்கு என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நம் பெருமாளையே வைத்திய வீரராகவன் என்றுதானே கூப்பிடுகிறோம், போய் வா என்று அப்பா அனுப்பிவைத்தார்.

காலரா கண்டவர்களுக்கென்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகையை ஒதுக்கியிருந்தார்கள். புதுவாயல் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர், நான், ஆயா முனியம்மா, அவ்வளவுதான். சலைன் ஏற்ற ஊசி குத்தினால் நரம்பு கிடைக்காது. காலையில் பேசியவர் மத்தியானம் இருக்கமாட்டார். இறந்தவர்களைத் துணியில் சுற்றிப் பின் வராந்தாவில் கிடத்துவோம். பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துப்போகும்.

அந்த நோயில் ஒரு கொடுமை உண்டு. உடம்பு வற்றும்போது குரலும் வற்றிவிடும். ஆணோ பெண்ணோ, கிழவரோ குழந்தையோ, எல்லாருக்கும் ஒரே கம்மிய குரல். வெறும் காற்று மாதிரி. அந்தக் குரலில் எல்லாரும் கேட்பதும் ஒன்றுதான். "தண்ணி."

முதல் தடவை அது ஒரு காலிக் கட்டிலிலிருந்து வந்தது. அன்று காலையில்தான் அதில் ஒரு பெண் இறந்திருந்தாள். நானே கண்ணை மூடிவிட்டிருந்தேன். டம்ளரோடு போய் நின்ற பிறகுதான் கட்டிலில் யாரும் இல்லை என்று உறைத்தது. அதற்கப்புறம் நான் தங்கியிருந்த அறைக்கும் அது வந்துவிட்டது. தண்ணீர்ப் பானையை மூடப்போனால் உள்ளேயிருந்து கேட்கும். குளிக்கச் சொம்பை எடுத்தால் காதருகே கேட்கும். நல்ல வெயில் நேரத்தில், வெளியே காக்கை கத்துகிறபோதே கேட்கும்.

யாரிடம் சொல்வது? டாக்டரிடம் சொன்னால் பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சோறு இறங்கவில்லை. குரல் கேட்கும்போதெல்லாம் கட்டில் கட்டிலாகப் போய், யாருடைய உதடு அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருப்பவர் கேட்டு, அதையும் பிரமை என்று தள்ளிவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம்.

ஒருநாள் லீவு கேட்டு வாங்கித் திருவள்ளூர் போனேன். கோயிலில் கூட்டமே இல்லை. பெருமாள் சயனித்திருந்தார். பட்டர் உள்ளங்கையில் தீர்த்தம் விட்டார். வாயருகே கொண்டுபோனேன். "தண்ணி" என்றது.

அந்தத் தீர்த்தத்தை என்னால் குடிக்க முடியவில்லை. தலையில் தெளித்துக்கொண்டு அழுதேன். இந்தக் குரலை நிறுத்து என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நின்றுவிட்டால், நிஜமாகவே கேட்பவர்களும் எனக்குக் கேட்காமல் போய்விடுவார்களோ? பெருமாளே, எது உயிருள்ள குரல் என்று மட்டும் காட்டிக்கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கொட்டகையில் காற்றே இல்லை. எல்லாரும் கண் மூடிக் கிடந்தார்கள். அப்போது கேட்டது. இந்தத் தடவை பின் வராந்தாப் பக்கமிருந்து. அங்கே துணி சுற்றிக் கிடத்திய பிணங்கள்தான் இருந்தன. அசையாமல் நின்றேன்.

பினாயில் போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்த முனியம்மா கையை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"நர்ஸம்மா, ஒங்களுக்கும் கேக்குதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எனுக்கு ரொம்ப நாளா கேட்டுக்கினேதான் கீது. சொன்னா பேயி புட்ச்சிக்கிச்சின்னு தொரத்திடுவாங்கன்னு வாய மூடிக்கினு கெடந்தேன்." துடைக்கிற துணியை வாளியில் போட்டாள். "ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே டைம்ல எப்டிம்மா கேக்கும்?"

அப்படியானால் இது பிரமை இல்லை, உயிருள்ள குரல். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பின் வராந்தாவுக்குப் போனோம். ஓரத்தில் கிடந்த உருவத்தின் வாயருகே துணி மெல்ல உள்ளே இழுபட்டது. பிறகு வெளியே வந்தது.

துணியைப் பிரித்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவரின் மனைவி, தனம்மா. கண் குழிக்குள் போயிருந்தது. உதடு அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். கணுக்காலில் கீறி நரம்பைத் தேடி எடுத்து சலைன் ஏற்றினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா நர்ஸம்மா, வண்டி வந்துட்ச்சா?"

வண்டி வேண்டாம், உள்ளே வந்து உங்கள் மனைவியைப் பாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போனேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் மருந்து அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி இல்லை என்று நான்தானேம்மா பார்த்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் நாங்கள் வாயைத் திறந்தோம். தமக்கும் தூக்கம் போய் நாளாகிவிட்டது என்று அவரும் சொன்னார். மேலிடத்துக்குப் போய்ச் சண்டை போட்டு இன்னும் ஆட்களைக் கேட்டு வாங்கினார். எங்களுக்கு முறை வைத்து ஓய்வு கிடைத்தது.

தனம்மா தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். குரல் எனக்கு உடனே நின்றுவிடவில்லை. கேட்கும்போதெல்லாம் முனியம்மாவைப் பார்ப்பேன். தனக்குக் கேட்கவில்லை என்று அவள் தலையாட்டினால் வேலையைத் தொடர்வேன். மழைக்காலம் வருவதற்குள் அது தேய்ந்து போயிற்று.

நான் வேலையை விடவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றினாலும், புதிதாக வருகிற நர்ஸுகளிடம் தூக்கம் வருகிறதா, என்ன நினைப்பு ஓடுகிறது என்று விசாரிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

பெருமாள் எனக்கு அசரீரி எதுவும் அனுப்பவில்லை. என்னைப் போலவே பயந்து கிடந்த ஒருத்தியை என் பக்கத்தில் வைத்திருந்தார், அவளைப் பேசவைத்தார். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உங்கள் மனதிலும் இருந்தால், முதலில் அவன் சந்நிதியில் சொல்லுங்கள். பிறகு, வெட்கப்படாமல், கூட இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அவன் எந்த வாயால் பதில் சொல்வான் என்று அடியேனுக்கும் அன்றுவரை தெரியாது.